"அவருக்கு எத்தனை படுக்கை?" மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், சிகிச்சைக் குழுக்களுக்குத் தலைமை தாங்கும் மூத்த மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கும் மருத்துவன். நியாயமாக இந்த மடலை ஒரு செவிலியர்தான் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் 'தன் பதவிக்குத் தானே வாதாடுகிறார்' என்று ஓரமாக வைத்துவிடுவீர்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

போன மாதம் நடந்த ஒரு கூட்டத்தில் எங்கள் பிரிவின் உயர்நிலைச் செவிலியரைப் பற்றிப் பேச்சு வந்தது. அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸ் என்பார்கள். "அவருக்கு எத்தனை படுக்கை?" என்று கேட்டார் ஒருவர். "தனியாக எதுவும் கிடையாது, எல்லாப் படுக்கையும்தான்" என்றேன். "அப்படியென்றால் ஷிஃப்ட் பட்டியலில் போட்டுவிடலாமே, ஆளில்லாமல்தானே திண்டாடுகிறோம்" என்றார். கேட்டவர் கெட்டவர் இல்லை. ஆள் பற்றாக்குறை உண்மை, செலவுக் கணக்கும் உண்மை. ஆனால் அந்த அறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரில், இவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பது எனக்கு உறைத்தது. அதைச் சொல்லாமல் விட்டது என்னைப் போன்றவர்களின் தப்புதான்.

முதலில் யார் இவர்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செவிலியர்களின் சர்வதேச அமைப்பான ஐ.சி.என். 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குறைந்தது முதுகலைப் பட்டம் வரை படித்து, சிக்கலான சிகிச்சை முடிவுகளை எடுக்கும் திறனும் பெற்ற செவிலியர் இவர். இதில் இரண்டு வகை பரவலாக உண்டு. ஒருவர் நோயாளியை நேரடியாகப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, சிகிச்சை தருபவர், நர்ஸ் பிராக்டிஷனர். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965-இல் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். மற்றவர் ஒரு துறையில் ஆழமாக இறங்கி, நோயாளியோடு சேர்த்து அந்தப் பிரிவின் செவிலியர்களையும் அங்கே வேலை நடக்கும் விதத்தையும் மேம்படுத்துபவர். கிளினிகல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். எங்கள் பிரிவில் இருப்பவர் இரண்டாம் வகை. படுக்கைக் கணக்கில் அகப்படாமல் போவதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

சரி, அவர் செய்வது என்ன? மருத்துவ வழிகாட்டு நெறிகளை, அதாவது எந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்ற எழுத்துபூர்வமான பரிந்துரைகளை, காகிதத்திலிருந்து படுக்கை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கேட்க எளிதாக இருக்கிறது. வழிகாட்டு நெறி வெளியானால், படித்த மருத்துவர்கள் அதைப் பின்பற்றத்தானே போகிறார்கள் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் 12 பெருநகரங்களில் நடந்து 2003-இல் வெளியான பெரிய ஆய்வில், பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சையில் ஏறத்தாழ 55 சதவீதம்தான் மக்களுக்குக் கிடைத்திருந்தது. ஏன் பின்பற்றுவதில்லை என்று அதற்கு முன்பே, 1999-இல், மருத்துவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். நெறி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் உடன்பாடு இல்லை. உடன்பட்டாலும் நம்மால் முடியும் என்ற நம்பிக்கை இல்லை. எல்லாம் இருந்தும் பழைய பழக்கம் விடுவதில்லை. இவை எதுவும் இல்லாவிட்டால் நேரம் இல்லை, பொருள் இல்லை. ஒவ்வொன்றிலும் என்னைப் பார்க்க முடிந்தது.

இந்தக் காரணங்களில் ஒரு சுற்றறிக்கையால் தீருவது எத்தனை? முதல் காரணம் மட்டும்தான், அதுவும் பாதி. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? புதிய நெறி வந்ததும் அதை எல்லோருக்கும் அனுப்புகிறோம், ஒரு மணி நேர வகுப்பு வைக்கிறோம், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குகிறோம். நெறி நடைமுறைக்கு வந்துவிட்டதாகக் கோப்பு சொல்லும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். அதிகாலை மூன்று மணி. ரத்த அழுத்தத்துக்கான மருந்து ஏற்றுவதற்காக ஒரு நோயாளிக்குக் கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் செல்லும் மெல்லிய குழாய், போடத் தயாரானேன். அன்று இரவு ஷிஃப்டைப் பார்ப்பதற்காக உயர்நிலைச் செவிலியரும் வந்திருந்தார். நான் கையுறை போட்டு, சின்னத் துணி ஒன்றை விரித்து ஊசியை எடுத்துவிட்டேன். "சார், ஒரு நிமிஷம். நோயாளி நிலையாகத்தான் இருக்கிறார். பெரிய துணி வரட்டும். தொப்பியும் கவுனும் இதோ இருக்கிறது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை லைன் போட்டிருப்பேன் என்று வாய் வரை வந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. நான்கு நிமிடம் தாமதமானது. லைன் போட்டோம். அந்த நோயாளிக்குத் தொற்று வந்ததா, வரவில்லையா என்று சொல்லி இதற்கு முடிவு எழுதப் போவதில்லை. ஒரு நோயாளியை வைத்து அதைச் சொல்லவும் முடியாது.

ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்தால் சொல்லலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. கை கழுவுவது, முழு உடலையும் மூடும் துணி விரிப்பது, தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, முடிந்தவரை தொடையில் லைன் போடாமல் இருப்பது, தேவை முடிந்ததும் எடுத்துவிடுவது. ஐந்தே விஷயம், ஐந்தும் எல்லோருக்கும் முன்பே தெரிந்தவை. அதற்கு முன் லைன் உள்ளே இருந்த ஆயிரம் நாட்களுக்கு 2.7 என்று இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. பட்டியலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவரோடு ஒரு செவிலியரும் குழுத் தலைவராக இருந்தார். அவசரமில்லாத நேரத்தில் இந்த முறைகளைப் பின்பற்றாமல் லைன் போட்டால், போடுபவரை நிறுத்தலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த நிறுத்தும் உரிமையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுவரில் ஒட்டிய காகிதம்.

என்னை நிறுத்தியதோடு அவர் வேலை முடியவில்லை. மறுநாள் காலை என்னைத் திட்டவோ மேலிடத்தில் சொல்லவோ இல்லை. அலமாரிகளைத் திறந்து பார்த்தார். பெரிய துணி ஓரிடத்தில், குளோர்ஹெக்சிடின் இன்னோரிடத்தில், கவுன் பூட்டிய அறையில், சாவி பகல் ஷிஃப்ட் பொறுப்பாளரிடம். இரவு மூன்று மணிக்கு நெறியைப் பின்பற்ற வேண்டுமென்றால் ஒருவர் மூன்று இடத்துக்கு ஓட வேண்டும். நான் சின்னத் துணியை எடுத்தது அலட்சியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலட்சியத்தை எளிதாக்கியது அலமாரி. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைக்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு பெரிய துணியில்லாமல் லைன் போடுவதுதான் கஷ்டமாகிவிட்டது! இதை நானோ நீங்களோ கண்டுபிடித்திருக்க மாட்டோம். நான் லைன் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன். உங்கள் மேசைக்கு வருவது மாதக் கடைசியில் ஓர் எண். ஷிஃப்டில் இருக்கும் செவிலியருக்கு விஷயம் தெரியும், ஆனால் அலமாரியை மாற்ற அவருக்கு நேரமும் கிடையாது, அதிகாரமும் கிடையாது.

சிறுநீர்க் குழாய் விஷயத்தைக் கேளுங்கள், அதில் எங்கள் மானம் போகும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தேவை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், தன் நோயாளிக்குக் குழாய் இருக்கிறது என்பதே தெரியாத மருத்துவர்கள் இருந்தார்கள். பயிற்சி மருத்துவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். மூத்த மருத்துவர்களில் 38 சதவீதம். பதவி ஏற ஏறப் போர்வைக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை போலிருக்கிறது. எங்கள் ரவுண்ட்ஸில் உயர்நிலைச் செவிலியர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இந்தக் குழாய் இன்று எதற்கு?" பதில் சொல்ல முடியாவிட்டால் குழாய் வெளியே. இன்னின்ன நிலையில் மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் செவிலியரே எடுக்கலாம் என்று எழுத்தில் ஒரு முறை கொண்டுவந்ததும் அவர்தான். அதில் எங்களிடம் கையெழுத்து வாங்க அவருக்கு ஐந்து மாதம் ஆனது. நான் இரண்டு மாதம் இழுத்தடித்தேன்.

செவிலியர்களின் கையில் நெறியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று பக்கவாதத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாத சிகிச்சைப் பிரிவுகளில், செவிலியர் பேராசிரியரான சாண்டி மிடில்டனின் தலைமையில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று விஷயம்: காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன். உடல் வெப்பம் 37.5 டிகிரியைத் தொட்டால் சிகிச்சை, சர்க்கரை ஏறினால் சிகிச்சை, வாய்வழியாக எதையும் கொடுப்பதற்கு முன் விழுங்க முடிகிறதா என்ற சோதனை. பாதிப் பிரிவுகளுக்கு ஏற்கெனவே இருந்த நெறியின் சுருக்கத்தை மட்டும் அனுப்பினார்கள். மறுபாதிக்கு நேரில் போய், எல்லாத் துறையினரையும் உட்காரவைத்து, இங்கே எது தடுக்கிறது என்று கேட்டு, பயிற்சி கொடுத்து, திரும்பத் திரும்ப நினைவூட்டினார்கள். 90 நாட்களுக்குப் பிறகு, சுருக்கம் மட்டும் போன இடங்களில் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழும் நிலையில் இருந்தார்கள். நேரில் போன இடங்களில் 42 சதவீதம். காகிதம் இரண்டு இடத்துக்கும் போனது. ஓரிடத்தில் மட்டும் அதை எடுத்துக்கொண்டு வந்து நின்ற ஆட்களும் இருந்தார்கள்.

விழுங்கும் சோதனையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், வேறொரு மருத்துவமனையில், பக்கவாதத்தோடு வந்தவருக்கு முதல் நாளே மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான். அது நுரையீரலுக்குள் போய், மூன்றாம் நாள் நிமோனியா. சோதனை செய்ய வேண்டும் என்று அந்த வார்டின் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பின்பற்றவைப்பது பாதி வேலைதான். காலாவதியான நெறியைக் கைவிடவைப்பது மறுபாதி. 2001-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, தீவிர சிகிச்சையில் ரத்தச் சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தால் இறப்பு குறைகிறது என்றது. உலகமே பின்தொடர்ந்தது, நாங்களும் இன்சுலின் அட்டவணை எழுதி ஒட்டினோம். 2009-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளோடு வந்த நைஸ்-சுகர் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. இறுக்கிப் பிடித்தவர்களில் 90 நாளில் 27.5 சதவீதம் பேர் இறந்தார்கள், 180 வரை விட்டவர்களில் 24.9 சதவீதம். செய்தி எங்களுக்கு அந்த வாரமே தெரியும், விவாதித்தோம், தலையாட்டினோம். பழைய அட்டவணை பல மாதம் சுவரிலேயே இருந்தது, இரவு ஷிஃப்ட் அதன்படியே இன்சுலின் ஏற்றியது. அப்போது எங்களுக்கு உயர்நிலைச் செவிலியர் கிடையாது. அதைக் கிழித்துப் போடுவது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

தொற்றால் உடலுறுப்புகளே பழுதாகும் செப்சிஸுக்கான நெறியிலும் இதே போலத்தான். 2018-இல் எல்லோருக்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் என்றார்கள். 2021 பதிப்பில் அதிர்ச்சி நிலையில் (ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிய 'ஷாக்' நிலையில்) இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம், அதிர்ச்சி இல்லாமல் தொற்றும் உறுதியாகாதவர்களுக்கு விரைவாக ஆராய மூன்று மணி நேரம் வரை என்று பிரித்தார்கள். இந்த வித்தியாசம் வார்டில் இருக்கும் புதுச் செவிலியருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் எப்படிப் போய்ச் சேரும்? யாரோ ஒருவர் நூறு பக்கத்தைப் படித்து, நம் ஆய்வகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டில் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் சேர்த்து ஒரு பக்கமாக்கி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் நின்று சொல்ல வேண்டும். அதற்குச் சிகிச்சையும் தெரிய வேண்டும், ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கவும் தெரிய வேண்டும், அந்த வார்டின் மனிதர்களையும் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்த ஆள் வேறு யார்? எனக்கு முதல் இரண்டு இருக்கிறது. மூன்றாவது இல்லை என்று என் பிரிவுச் செவிலியர்கள் மரியாதையாகச் சொல்வார்கள்.

நெறியை எந்த அளவு பின்பற்றுகிறோம் என்று கணக்கெடுத்து எங்களிடமே திருப்பிச் சொல்லும் வேலையும் அவருடையதுதான். இப்படிச் செய்வதால் சராசரியாகக் கிடைக்கும் பலன் சிறியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 140 ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் நடைமுறை 4.3 சதவீதப் புள்ளி மேம்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் எப்போது பலன் கூடுகிறது என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார்கள்: சொல்பவர் கூட வேலை பார்ப்பவராகவோ மேற்பார்வையாளராகவோ இருந்தால், ஒரு தடவையோடு நிற்காமல் திரும்பச் சொன்னால், வாயாலும் எழுத்தாலும் சொன்னால், இலக்கும் அடுத்து என்ன செய்வது என்பதும் தெளிவாக இருந்தால். தரக்கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் வண்ண வரைபடத்தில் இவற்றில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பதவியில் வந்தவர் போலீஸ்காரராக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டம் நிரம்புகிறதா என்பது மட்டுமே கண்ணில் படும், நோயாளி படமாட்டார். இதயம் பலவீனமான ஒருவருக்குச் செப்சிஸ் என்றால், ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி திரவம் என்ற பரிந்துரையை அப்படியே ஏற்றுவதா என்று யோசிக்கத்தான் வேண்டும். நல்ல உயர்நிலைச் செவிலியர் அங்கே என்னோடு சேர்ந்து யோசிப்பார், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்கச் சொல்வார். நெறியை மீறுவதும் மறப்பதும் வேறு வேறு; கேஸ் ஷீட்டில் இரண்டும் ஒரே வெற்றிடமாகத் தெரியும். அப்புறம், 'அதற்குத்தான் அவர் இருக்கிறாரே' என்று மற்ற எல்லோரும் கையை விட்டுவிடும் ஆபத்தும் உண்டு. அவர் விடுப்பில் போன வாரம் எங்கள் பிரிவில் அதுதான் நடந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அவரை ஷிஃப்ட் பட்டியலில் போடாதீர்கள். ஆள் இல்லாத நாளில் கைகொடுப்பார், இப்போதும் கொடுக்கிறார். ஆனால் அதுவே அவர் வேலையாகிவிட்டால் இந்த மடலில் சொன்ன எதுவும் நடக்காது, நடக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியவராது. நிறுத்தும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். என்னை நிறுத்தியபோது அவரிடம் அப்படி எழுத்து எதுவும் இல்லை. என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் மறுநாள் அவர்தான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார். நெறிகளை நம் மருத்துவமனைக்கு ஏற்ப மாற்றும் குழுவில் அவருக்கு வாக்குள்ள இடம் வேண்டும். இப்போது அவரைக் கடைசியில் கூப்பிட்டு 'இதை அமல்படுத்துங்கள்' என்கிறோம். எண்களை அவர் கேட்டு வாங்கும் நிலை மாறி, ஆய்வகத்திலிருந்தும் மருந்தகத்திலிருந்தும் நேராக வர வேண்டும். கூடவே அவருக்கு அடுத்து ஒருவரைப் படிக்கவையுங்கள், ஒரே ஆளை நம்பி நிற்பது எந்தப் பிரிவுக்கும் நல்லதில்லை.

மூத்த மருத்துவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை அவர் "சார், ஒரு நிமிஷம்" என்றால், பயிற்சி மருத்துவர்கள் பார்க்கும்படி நின்றுவிடுங்கள். நாம் நிற்பதைப் பார்த்தால்தான் அவர்களும் நிற்பார்கள்.

நிர்வாகிகளே, அவர் எத்தனை படுக்கை பார்க்கிறார் என்று இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு நாள் காலை ஏழரை மணி ரவுண்ட்ஸுக்கு வாருங்கள். முதல் படுக்கையிலிருந்து தொடங்குவார். உள்ளே வரும்போது கையைச் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள், இல்லையென்றால் உங்களையும் வாசலிலேயே நிறுத்துவார்.

இப்படிக்கு,
ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவன்